டிவியில் ஒருமுறை வர அழைப்பு வந்தால்: எந்த நிகழ்ச்சிக்குச் சரி சொல்வது?

கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. பாட்டுப் போட்டி ஆடிஷனுக்குத் தேதி கிடைத்திருக்கிறது. அதே வாரத்தில் ஒரு விவாத நிகழ்ச்சியின் கோஆர்டினேட்டர் போன் செய்து, "நீங்க நல்லாப் பேசுவீங்களாமே, வர்றீங்களா?" என்கிறார். வீட்டில் ஒருவர் போ என்கிறார், இன்னொருவர் எதுக்கு வம்பு என்கிறார். நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எதற்குப் போவது?

பலரும் எந்த நிகழ்ச்சி பெரியது, எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: நீங்கள் பேசியதை வெட்டும் கத்தரி யார் கையில் இருக்கிறது, அந்தக் கத்தரி உங்களை எவ்வளவு மாற்ற முடியும்? இரண்டு நிமிடம் வந்து நல்ல பெயர் வாங்கியவர்களும் உண்டு, இரண்டு மாதம் வந்து பெயரைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. வித்தியாசம் திறமையில் மட்டும் இல்லை, அவர்கள் தேர்ந்தெடுத்த வகையிலும் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

கத்தரி. நேரலையா, பதிவா? பதிவு என்றால் எத்தனை மணி நேரம் பிடித்து எவ்வளவு காட்டுகிறார்கள்? அமெரிக்காவில் 1971-ல் ஒரு குடும்பத்தை ஏழு மாதம் படம் பிடித்து, 1973-ல் 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்ற பெயரில் 12 பகுதிகளாக ஒளிபரப்பினார்கள். பிடித்தது சுமார் 300 மணி நேரம், காட்டியது 12 மணி நேரம். அதாவது 25 மணிக்கு ஒரு மணி. எங்களைத் திரித்துக் காட்டிவிட்டார்கள் என்று அந்தக் குடும்பம் பிறகு வருந்தியது. இதற்குப் பொய் சேர்க்க வேண்டியதே இல்லை. 24 மணி நேரத்தை எடுத்துவிட்டாலே மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில் இருப்பவர் வேறு ஆளாகிவிடுவார்.

காகிதம். எதில் கையெழுத்து வாங்குகிறார்கள், எவ்வளவு காலத்துக்கு, மீறினால் என்ன?

மறைச்செலவு. விடுப்பு, பயணம், உடை, பரிசு வந்தால் வரி.

உடன் இழுபடுபவர்கள். நீங்கள் சம்மதம் சொல்லலாம். உங்கள் கதையில் வரும் தங்கையும் மாமியாரும் பிள்ளையும் சம்மதம் சொன்னார்களா?

கிளிப். நிகழ்ச்சி ஒருநாள் ஓடும், அதிலிருந்து வெட்டிய 40 நொடித் துண்டு வருடக்கணக்கில் ஓடும். ஐந்து வருடம் கழித்து வேலைக்கு எடுப்பவர் உங்கள் பெயரைத் தேடும்போது கண்ணில் படப்போவது அந்தத் துண்டுதான், முழு எபிசோட் இல்லை.

| வகை | உங்களிடம் போகும் நேரம் | திரையில் வருவது | எடிட் உங்களை மாற்றும் அளவு | பெரிய ஆபத்து |
|---|---|---|---|---|
| தெருப் பேட்டி | சில நிமிடம் | சில நொடி | நடுத்தரம் | ஒரு வரி மட்டும் தனியாக நிற்பது |
| நேரலைப் பேட்டி | முன்தயாரிப்போடு அரை நாள் | சில நிமிடம் | இல்லை | சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது |
| வினாடி வினா | தேர்வுச் சுற்றுகள், ஓரிரு ஷூட்டிங் நாள் | அரை மணி முதல் ஓர் எபிசோட் | குறைவு | வரி, அவசர ஊகம் |
| திறமைப் போட்டி | ஒரு நாள் முதல் பல மாதம் | ஓரிரு நிமிடம் முதல் ஒரு சீசன் | நடுத்தரம் | ஒப்பந்தம், சோகக் கதை |
| விவாத மேடை | ஒரு முழு நாள் | ஓரிரு நிமிடம் | மிக அதிகம் | ப்ரோமோ |
| குடும்பச் சண்டை, கேமரா வீடு | ஒரு நாள் முதல் சில மாதம் | அதிகம் | மிகமிக அதிகம் | மனநலம், உறவுகள் |

## தெருவில் நீட்டும் மைக்

செலவே இல்லாதது, யோசிக்கக்கூட நேரம் தராதது. நிருபருக்கு வேண்டியது ஒரு 'பைட்', அதாவது செய்தியில் ஒட்டும் சிறு பேச்சுத் துண்டு. அவர் ஐந்து நிமிடம் கேட்பார், அதில் எட்டு அல்லது பத்து நொடிதான் போகும். அதனால் நீங்களே பத்து நொடியில் முடியும் ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கேள்வியையும் பதிலுக்குள் சேர்த்துச் சொல்லுங்கள். "ஆமா, சரிதான்" என்ற பதிலை எந்தக் கேள்விக்கும் கீழே ஒட்டலாம். "பஸ் கட்டணத்தை ஏத்தினது எங்களுக்குச் சுமைதான்" என்றால் வேறெங்கும் ஒட்ட முடியாது.

மைக் முன்னால் நிற்கும் முன் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். அலுவலக அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள். அது தெரிந்தால் நீங்கள் சொன்னது உங்கள் கருத்தாக நிற்காது, 'அந்த நிறுவனத்து ஊழியர் சொன்னது' ஆகிவிடும். வேலைக்கு வரும் சிக்கலில் பெரும்பாலானது இந்தச் சின்ன அட்டையிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒளித்துவைத்த கேமராக் குறும்பு நிகழ்ச்சிகளும் இந்த வகைதான். அமெரிக்காவில் 'கேண்டிட் கேமரா' 1948-லேயே டிவிக்கு வந்துவிட்டது. இதில் ஒரு வசதி இருக்கிறது: படம் பிடித்த பிறகுதான் உங்களிடம் கையெழுத்து கேட்பார்கள். எல்லாரும் சுற்றி நின்று சிரிக்கும் அந்த நிமிடத்தில் மறுப்பது கஷ்டம்தான், ஆனாலும் மறுக்கலாம். "எடுத்ததைக் காட்டுங்க, பார்த்துட்டுப் போடறேன்" என்று சொல்வதில் தப்பே இல்லை.

## நேரலைப் பேட்டி

விபத்தை நேரில் கண்டவர், ஒரு துறை தெரிந்தவர், திடீரென்று செய்தியில் அடிபட்ட ஊர்க்காரர் ஆகியோரை இப்படிக் கூப்பிடுவார்கள். இதில் கத்தரியே இல்லை. நீங்கள் சொன்னது சொன்னபடி போகும். நிதானமாகப் பேசுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வகை கிடையாது. உணர்ச்சிவசப்படுபவருக்கோ இதைவிட ஆபத்தானதும் கிடையாது.

கத்தரி இல்லாவிட்டாலும் குளறுபடி வரும். 2006 மே 8 அன்று வேலைக்கான நேர்காணலுக்காக பிபிசி அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்தார் கை கோமா. கை கியூனி என்ற தொழில்நுட்ப எழுத்தாளரைத் தேடி வந்த ஊழியர் பெயர்க் குழப்பத்தில் இவரை அழைத்துக்கொண்டு போய் நேரலைச் செய்தியில் உட்கார வைத்துவிட்டார். தன்னை நிபுணர் என்று நெறியாளர் அறிமுகப்படுத்தியபோது கோமாவின் முகத்தில் வந்த திகைப்பு இன்றும் பகிரப்படுகிறது. அந்த மனிதர் கத்தவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. கேட்ட கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்த அளவில் மரியாதையாகப் பதில் சொன்னார். உலகம் அவரை இன்றும் பிரியமாக நினைக்கக் காரணம் அந்த நிதானம்தான்.

போனில் அழைத்தவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: முதல் கேள்வி என்ன, எத்தனை நிமிடம், கூட வேறு யார் பேசுகிறார்கள், திரையில் என் பெயருக்குக் கீழே என்ன எழுதுவீர்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. 'நேரில் பார்த்தவர்' என்று வர வேண்டிய இடத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்று வந்துவிட்டால், நேரலை முடியும்வரை அதைத் திருத்த ஆள் கிடைக்காது.

வீட்டிலிருந்து வீடியோவில் பேசுவதானால் கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், கதவைத் தாழிடுங்கள். 2017 மார்ச் 10 அன்று பேராசிரியர் ராபர்ட் கெல்லி பிபிசியில் தென்கொரிய அரசியல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு குழந்தைகளும் அறைக்குள் நுழைந்தது தாழிடாத கதவால்தான். இணைய வழிப் பேட்டியில் குரல் ஓரிரு நொடி தாமதமாக வந்து சேரும். கேள்வி முடிந்ததும் மனதுக்குள் 'ஒன்று' எண்ணிவிட்டுப் பேசினால் ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசுவது நின்றுவிடும்.

## வினாடி வினா

சாதாரண மனிதருக்கு முதலில் பரிந்துரைக்கத் தோன்றுவது இதுதான். காரணம் எளிது. சரியான பதிலை எப்படி வெட்டி ஒட்டினாலும் அது சரியான பதில்தான். உங்கள் குணத்தைப் பற்றிய கதை இதில் இரண்டாம் பட்சம்.

இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 1956-ல் அமெரிக்காவின் 'ட்வென்டி ஒன்' போட்டியில், யார் ஜெயிக்க வேண்டும், யார் தோற்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்களே முடிவு செய்தார்கள். விடை தெரிந்தும் தோற்கும்படி ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்ற போட்டியாளருக்குச் சொல்லப்பட்டது. அவரை வென்று நாடறிந்த புகழ் பெற்ற சார்லஸ் வான் டோரன், தனக்கு முன்கூட்டியே விடைகள் தரப்பட்டதை 1959-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். 1960-ல் வினாடி வினாவில் முடிவை முன்கூட்டிச் செட் செய்வது அங்கே சட்டப்படி குற்றமானது. ஆனால் யாரை உள்ளே எடுப்பது என்பது இன்றும் தயாரிப்பாளர் விருப்பம்தான். எழுத்துத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தும் கேமரா நேர்காணலில் வெளியே போவோர் நிறைய. "ஜெயிச்சா பணத்தை என்ன செய்வீங்க?" என்ற கேள்விக்கு "பேங்க்ல போடுவேன்" என்று சொல்லி நிறுத்தியிருப்பார்கள். உண்மையான, குறிப்பான ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

விடை தெரிந்தும் தோற்பது ஏன் என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. முதலாவது பொத்தான். முதலில் அழுத்துபவருக்கே வாய்ப்பு என்ற போட்டிகளில், முந்திக்கொண்டு அழுத்துவது பிந்தி அழுத்துவதைவிட மோசம். அமெரிக்காவின் 'ஜெபர்டி'யில் கேள்வி வாசித்து முடியும் முன்பே அழுத்தினால் உங்கள் பொத்தான் கால் நொடி பூட்டிக்கொள்ளும். அந்தக் கால் நொடியில் பக்கத்தில் நிற்பவர் வாய்ப்பை எடுத்துக்கொள்வார். வீட்டில் பழகும்போது கிளிக் செய்யும் பேனாவைக் கையில் வைத்து, கேள்வியின் கடைசி எழுத்து முடிந்த பின் அழுத்திப் பழகுங்கள். உட்கார்ந்து பழக வேண்டாம், நின்றுகொண்டு பழகுங்கள்.

இரண்டாவது காரணம், எங்கே நிறுத்துவது என்று தெரியாதது. 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' 1998-ல் பிரிட்டனில் தொடங்கியபோது இருந்த வடிவத்தை எடுத்துக்கொள்வோம்: 15 கேள்வி, 5-வதும் 10-வதும் உறுதியான படிகள், அதாவது அங்கே எட்டிய பணம் பிறகு தவறினாலும் போகாது. 6-வது கேள்வியிலும் 11-வது கேள்வியிலும் தவறாகச் சொன்னாலும் கையில் இருப்பது குறையாது. அங்கே ஊகத்துக்குச் செலவே இல்லை. 10-வதிலும் 15-வதிலும்தான் விழுந்தால் பெரிய பள்ளம்: 10-ல் தவறினால் 9-வது படியிலிருந்து 5-வதுக்கு, 15-ல் தவறினால் 14-லிருந்து 10-வதுக்கு. ஆனாலும் நடப்பது தலைகீழ். 6-ல் பயந்து உதவி வாய்ப்பைச் செலவழிப்பார்கள், 10-ல் கைத்தட்டல் சத்தத்தில் ஊகித்துவிடுவார்கள். இப்படிப் படி வைத்த எந்தப் போட்டியானாலும், எந்தப் படியில் என்ன செய்வது என்று வீட்டிலேயே காகிதத்தில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள். விளக்கு வெளிச்சத்தில் கணக்குப் போட வராது.

மறைச்செலவில் பெரியது வரி. 2004 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரீ நிகழ்ச்சியில் அரங்கில் இருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு புதிய கார் கிடைத்தது. வாங்கியவர்களுக்குப் பிறகு வந்தது, சுமார் 7,000 டாலர் வரையிலான வருமான வரி. வரி விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் இப்படி வரும் பரிசுப் பணத்துக்கு வருமான வரி இல்லை. இந்தியாவில் 30 விழுக்காடு போய்விடும். பரிசு பொருளாக வந்தால், வரி கட்டிய பிறகே பொருள் கைக்கு வரும். அதனால் பரிசு பணமா பொருளா, பொருளென்றால் அதற்குப் பதில் பணம் வாங்கலாமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பணம் பெரும்பாலும் எபிசோட் ஒளிபரப்பான பிறகுதான் வரும். அதுவரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்றும் எழுதியிருக்கும். ஜெயித்த நம்பிக்கையில் அதற்குள் கடன் வாங்கிவிடாதீர்கள்.

## திறமைப் போட்டி

உங்களிடம் காட்ட ஒரு திறமை இருந்து, அதைத் தொழிலாக எடுத்துப் போக மனமும் இருந்தால் மட்டும். 'சும்மா ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்' என்பவருக்கு இது தேவையற்ற அலைச்சல்.

டிவியில் தெரியும் நடுவர் சுற்று முதல் சுற்று இல்லை. அதற்கு முன்பே தயாரிப்புக் குழுவின் முன் ஒன்றிரண்டு சுற்று நடந்திருக்கும். நன்றாகப் பாடுபவரும் அனுப்பப்படுவார், மோசமாகப் பாடுபவரும் வேண்டுமென்றே அனுப்பப்படுவார். எனவே 'தேர்வாகிட்டேன்' என்றதும் எதற்காகத் தேர்வானோம் என்று யோசியுங்கள். உங்கள் குரலைப் பற்றி எதுவும் பேசாமல் உடை, பேச்சு, வீட்டுக் கதை என்றே கேட்டுக்கொண்டிருந்தால், அது எச்சரிக்கை.

ஆடிஷனுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தொடங்கி மூன்றாம் நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் பாட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். முதல் 20 நொடியில் உங்கள் குரலின் பலம் தெரிய வேண்டும். மூன்று பாட்டு தயார் செய்யுங்கள், ஏனென்றால் முதல் பாட்டுக்கு உரிமை கிடைக்கவில்லை என்று அன்று காலையில் சொல்வார்கள். கரோக்கி டிராக்கை இரண்டு சுருதியில் எடுத்துப் போங்கள், ஒன்று வழக்கமான சுருதி, இன்னொன்று அரைக்கட்டை கீழே. காலை ஆறு மணிக்கு வரச் சொல்லி இரவு பத்து மணிக்கு மேடையேற்றும்போது, ஏசி குளிரில் பதினாறு மணி நேரம் உட்கார்ந்த தொண்டைக்கு அந்த அரைக்கட்டைதான் உயிர். போனிலும் பென் டிரைவிலும் இரண்டிலும் வைத்திருங்கள்.

அடுத்தது காகிதம். இந்த வகையின் ஒப்பந்தம்தான் மிக நீளமானது. சீசன் முடிந்த பிறகும் இத்தனை மாதம் வேறு சேனலில் பாடக் கூடாது, உங்கள் முதல் ஆல்பமும் கச்சேரி ஏற்பாடும் எங்களுக்கே என்ற வரிகள் அதற்குள் இருக்கும். சொந்தமாகப் பாட்டு எழுதுபவர் என்றால், நிகழ்ச்சியில் பாடும் சொந்தப் பாட்டின் உரிமை யாருக்கு என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

சூசன் பாயிலின் கதை இங்கே இரண்டு பக்கமும் பேசும். 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' என்ற திறமைப் போட்டியில் பாடிய அவருடைய ஆடிஷன் ஜனவரியில் பதிவாகி, 2009 ஏப்ரல் 11 அன்று ஒளிபரப்பானது. அன்று காலைவரை ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாதவர், சில நாட்களில் உலகம் அறிந்தவராகிவிட்டார். மே 30 இறுதிச் சுற்றில் 'டைவர்சிட்டி' நடனக் குழு வென்றது, அவர் இரண்டாவது. மறுநாளே கடும் சோர்வால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டு வெளிவந்த அவரது ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. திறமை உண்மையானதாக இருந்தால் டிவி கொடுத்த ஏழு நிமிடத்துக்குப் பிறகும் அது நிற்கும். ஆனால் அந்த ஏழு வாரத்தை உடம்பும் மனமும் தாங்க வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும்.

## விவாத மேடை

நிறையப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

தேர்வு போனிலேயே தொடங்கிவிடுகிறது. கோஆர்டினேட்டர் நட்பாகப் பேசுவார், அரை மணி நேரம் கேட்பார். அந்த அரை மணியில் நீங்கள் சொன்ன மிகக் காரமான வரியைக் குறித்துக்கொண்டு, அதை வைத்துத்தான் எந்தப் பக்கம், எந்த வரிசை என்று உட்கார வைப்பார்கள். மேடையில் நீங்கள் நிதானமாகப் பேசினால் நெறியாளர் திரும்பி, "போன்ல வேற ஒண்ணு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க" என்பார். எனவே போனில் சொல்வதும் மேடையில் சொல்வதும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே பேசுங்கள். கணவன் மனைவிச் சண்டை, மாமியார் சொன்ன வார்த்தை, கடன் ஆகியவற்றைப் பின்னர் மறுக்க விரும்பினால் போனிலேயே சொல்லாமல் இருப்பதுதான் ஒரே வழி.

ஷூட்டிங் ஆறு முதல் எட்டு மணி நேரம் போகும். ஐம்பது அறுபது பேர் அரங்கில் இருப்பார்கள். உங்கள் பங்காக ஓரிரு நிமிடம் வந்தால் அதிகம். அதில் என்ன வரும் என்பது எடிட்டிங் மேசையில் முடிவாகும்.

இங்கே தமிழில் பேசுபவருக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. நம் மொழியில் மறுப்பும், 'யார் சொன்னது' என்ற விவரமும் வாக்கியத்தின் வாலில் வருகின்றன. "பொண்ணுங்க வேலைக்குப் போகக் கூடாதுன்னு நான் சொல்லல" என்கிறீர்கள். 'ன்னு நான் சொல்லல' என்ற வாலை நறுக்கினால் மிச்சம் என்ன? "பொண்ணுங்க வேலைக்குப் போகக் கூடாது." உங்கள் குரல், உங்கள் வாய், உங்கள் கருத்துக்கு நேர் எதிர். வெட்டிய இடம் தெரியாமல் இருக்க அந்த நொடியில் எதிர்வரிசையில் ஒருவர் வாயைப் பிளக்கும் ஷாட்டைப் போட்டுவிட்டால் முடிந்தது. இப்படி வெட்டி ஒட்டிய பேச்சுக்கு எடிட்டிங் தொழிலில் 'ஃபிராங்கன்பைட்' என்றே பெயர் உண்டு. எல்லாக் குழுவும் இதைச் செய்வதில்லை. ஆனால் செய்ய முடியாதபடி பேசுவது உங்கள் கையில் இருக்கிறது: எதிர்க் கருத்தை முழுதாகச் சொல்லி மறுக்காதீர்கள். உங்கள் கருத்தை முதலில், நேராகச் சொல்லுங்கள். "பொண்ணுங்க வேலைக்குப் போகணும்." வாலை நறுக்க இதில் இடமே இல்லை.

பெயரைக் கெடுப்பது பெரும்பாலும் எபிசோட் இல்லை, ப்ரோமோதான். முப்பது நொடி ப்ரோமோவுக்கு அழுகை, கத்தல், எழுந்து நிற்பது, மைக்கைக் கழற்றுவது, இவை நான்கும் தங்கம். இவற்றில் எதையும் கொடுக்காமல் இருந்தால் ப்ரோமோவில் நீங்கள் வர மாட்டீர்கள். அதுவே பெரிய பாதுகாப்பு.

ரியாக்‌ஷன் ஷாட்டுக்கான கேமரா இடைவேளையிலும் ஓடும். பசியில் முகம் சுளித்தது, கொட்டாவி விட்டது, பக்கத்தில் இருப்பவரின் ஜோக்குக்குச் சிரித்தது எல்லாம் பதிவாகும். அந்தச் சிரிப்பை ஒருவர் தன் தாயின் மரணத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

காலர் மைக் பற்றி ஒரு வார்த்தை. தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துவார்கள், பெட்டி இடுப்பில் இருக்கும். அதைக் கழற்றும்வரை நீங்கள் பேசும் ஒவ்வொன்றும் ஒலிப்பதிவாளர் காதில் விழும், கழிப்பறையில் பேசும் போன் உட்பட. போகும் முன் ஊழியரிடம் சொல்லி அணைத்துவிட்டுப் போங்கள். உரசும் சங்கிலி, கனத்த கரைத் துணி, நெருக்கமான கோடு போட்ட சட்டை வேண்டாம். சங்கிலி சத்தத்தால் உங்கள் நல்ல பதில் வீணாகும். நெருங்கிய கோடுகள் கேமராவில் அலை அலையாக நெளியும்.

சட்டம் தெரிந்தவர், ஓர் அமைப்புக்காகப் பேசப் போகிறவர், சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று என்று தெளிவாக இருப்பவர் ஆகியோருக்கு இந்த மேடை நல்லது. பரப்ப வேண்டிய செய்தியை ஒரே நாளில் ஊருக்கே கொண்டுபோகும். வீட்டுப் பிரச்சினைக்கு நியாயம் கேட்கப் போகிறவருக்கு வேண்டவே வேண்டாம்.

## குடும்பச் சண்டை நிகழ்ச்சியும் கேமரா வீடும்

1999-ல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' தொடங்கியதிலிருந்து, ஆட்களை ஒரு வீட்டுக்குள் அடைத்துச் சுற்றிலும் கேமரா வைப்பது உலகமெங்கும் பரவிவிட்டது. புகழ் வேண்டும், ஊடகத் தொழிலிலேயே இருக்க வேண்டும் என்பவருக்கு அது ஒரு வாசல், மறுக்க முடியாது. ஆனால் ஒரு நாளின் 24 மணி நேரத்தை ஒரு மணியாக்கும் அந்தக் கத்தரிக்கு எதிராக மேலே சொன்ன எந்த உத்தியும் வேலை செய்யாது. வாரக்கணக்கில் யாரும் கவனமாகப் பேச முடியாது.

குடும்பச் சண்டையைத் தீர்த்து வைக்கிறோம் என்று அழைக்கும் நிகழ்ச்சியைப் பொறுத்தவரை எங்கள் பதில் ஒன்றுதான்: போகாதீர்கள். பிரிட்டனில் அப்படிப்பட்ட ஒரு பிரபல நிகழ்ச்சி, பங்கேற்ற ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து 2019 மே மாதம் முழுதாக நிறுத்தப்பட்டது. 2021 ஏப்ரலில் அங்குள்ள ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம், பங்கேற்பாளர் நலனைப் பாதுகாக்கும் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பொய் கண்டுபிடிக்கும் கருவி வைப்பதாகச் சொன்னால் இன்னும் கவனம். அந்தக் கருவி அளப்பது நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை. அரங்க விளக்குக்குக் கீழே நடுங்கும் நேர்மையான மனிதரும் அதில் பொய்யராகலாம்.

அப்படியும் போவதாக முடிவு செய்தால், எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை: உள்ளே போகும் முன்பும் வெளியே வந்த பின்பும் மனநல ஆலோசகர் யார், எத்தனை முறை பார்க்கலாம்? நடுவில் வெளியேறினால் அபராதம் உண்டா? என் மருந்து என் கையில் இருக்குமா? வீட்டில் அவசரம் என்றால் எனக்கு எத்தனை மணி நேரத்தில் தெரியும்?

## எது யாருக்கு

இரண்டு அழைப்பு கையில் இருக்கிறது, ஒன்று வினாடி வினா என்றால், வினாடி வினா. பாட்டுப் போட்டியா விவாத மேடையா என்றால், பாடுவதைத் தொழிலாக எடுக்கும் எண்ணம் இருந்தால் பாட்டு. இல்லையென்றால் பெரும்பாலோருக்கு இரண்டுமே வேண்டாம், விவாதத்தைவிட அரங்கில் பார்வையாளராக உட்காருவது நல்லது. கூச்ச சுபாவம் உள்ளவருக்கு, ஆச்சரியமாக இருந்தாலும், நேரலைப் பேட்டி பொருந்தும். அது குறுகியது, பொருள் தெளிவானது, முடிந்ததும் முடிந்துவிடும். வீட்டில் உடல்நலம் தேறிவருபவரோ, வழக்கு நடப்பதோ, விவாகரத்துப் பேச்சோ இருந்தால் இந்த வருடம் எதற்கும் சரி சொல்லாதீர்கள். அழைப்பு அடுத்த வருடமும் வரும்.

## சரி சொல்லிவிட்டீர்கள் என்றால்

ஒப்புதல் படிவத்தை முந்தின நாளே அனுப்பச் சொல்லுங்கள். அரங்க வாசலில் வரிசையில் நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் காத்திருக்க, எட்டுப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். அதற்காகத்தான் அங்கே கொடுக்கிறார்கள். 'எல்லா ஊடகத்திலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற வரி எல்லாப் படிவத்திலும் இருக்கும், அதை நீக்க மாட்டார்கள். 'எப்படி வேண்டுமானாலும் எடிட் செய்யலாம், அதற்கு எதிராக வழக்குத் தொடர மாட்டேன்' என்பதும் பெரும்பாலும் நிற்கும். பேசிப் பார்க்கக்கூடியவை வேறு: பிள்ளைகளின் பெயரும் முகமும் வராது, வேலை செய்யும் இடத்தின் பெயர் வராது, இன்ன விஷயம் கேட்கப்படாது. இவற்றைப் பேனாவால் எழுதி, கோஆர்டினேட்டரையும் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுங்கள். பிரதி பிறகு தருகிறோம் என்பார்கள், பெரும்பாலும் வராது.

பையில் இரண்டாவது சட்டை, பிஸ்கட், தண்ணீர், போன் சார்ஜர், வழக்கமான மாத்திரை. சாப்பாடு தருவார்கள், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது.

ஒளிபரப்புக்கு முந்தின நாள் பழைய பதிவுகள், போன் எண், பிள்ளைகளின் பள்ளிச் சீருடைப் படங்கள் உங்கள் சமூக வலைதளக் கணக்குகளில் பொதுவில் இருந்தால் மறைத்துவிடுங்கள். உங்கள் கதையில் யார் யாரைப் பற்றிச் சொன்னீர்களோ அவர்களுக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். ப்ரோமோவைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. முதல் இரண்டு நாள் எந்தத் திட்டுக்கும் பதில் எழுதாதீர்கள், வீட்டில் வேறொருவரை உங்கள் போனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எபிசோடை முழுதாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது அந்த 40 நொடியைக் காட்டிக் கேட்டால், வாலோடு சேர்ந்த முழு வாக்கியம் உங்களிடம் இருக்கும்.